மச்சான் ஏன் ஹீலர் ஆனார்?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் செத்துப்போனேன்.

பதறாதீர்கள். கேமில்தான். ஓநாய் கடித்து.

கூட ஆடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தம்மாமில் இருந்து போட்ட கூச்சல் இருக்கிறதே... அடுப்படியில் இருந்த மாமி, அதாவது அவருடைய அம்மா, கரண்டியோடு ஓடி வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மச்சான் என்று நான் கூப்பிடும் இந்த மனுஷனைத் தெரியும். பதினோரு வருஷமாக சவூதியில் கிரேன் ஓட்டுகிறார். நானும் மாமியும் லப்பைக்குடிக்காட்டில். தினமும் போன் உண்டு. ஆனால் என்னத்தைப் பேசுவது? "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீங்க?" "சாப்ட்டேன். எப்படி இருக்க?" "நல்லா இருக்கேன்." அதற்கு மேல் கத்தரிக்காயா, வெண்டைக்காயா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால், அவருடைய ரூம்மேட் ஆடும் ஆன்லைன் கேம் ஒன்றை என் போனிலும் ஏற்றச் சொன்னார். ஆடிக்கொண்டே பேசலாம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்மா தொழுகை முடித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் அங்கே ரெண்டு மணி, இங்கே நாலரை.

"ரெண்டு பேரும் சேந்து காட்டுக்குள்ள போலாம் மெஹரு."

கல்யாணமான நாளாக இந்த மனுஷன் என்னைக் கூட்டிப்போன தூரமான இடம் ஊட்டி. காடு என்றதும் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் யார் என்ன ஆள் என்று முடிவு செய்ய வேண்டும். வாள் வீரர், வில் வீரர், மந்திரவாதி, அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்கும் ஹீலர். ஜோடியாக ஆடினால் ஒருவர் முன்னால் நின்று அடி வாங்கணும், இன்னொருவர் பின்னால் நின்று ஆற்றணும். இது தெரியாமல் முதல் நாள் ரெண்டு பேருமே வாளோடு போனோம். ஒரே ஒரு கரடி... அஞ்சு நிமிஷத்தில் ரெண்டு பேரையும் முடித்துவிட்டது.

"சரி, நான் ஹீலர் ஆயிடுறேன்" என்றேன். வைத்தியம், பணிவிடை எல்லாம் பொம்பளைக்குத்தானே என்ற நினைப்பு!

"வேணாம். நான்தான் ஹீலர். நீ வாள வச்சுக்க."

"ஏன் மச்சான்?"

"சும்மா... புடிச்சிருக்கு."

வாள் எனக்குப் பொருத்தம்தான், மறுக்கவில்லை. மோட்டார் எரிந்தால் மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பது, மாமியை பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போவது, ஈபி ஆபீஸில் போய் சத்தம் போடுவது... எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று பழகிய கை.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மூணு ஓநாய்கள். இந்த கேமில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கோடு இருக்கும். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். என் கோடு பச்சையில் இருந்து மஞ்சளாகி, சிவப்புக்கு வந்துவிட்டது. கவனித்தேன். ஆனாலும் வெட்டிக்கொண்டே முன்னேறினேன்.

"மெஹரு, பின்னாடி வா! ரொம்ப தூரம் போயிட்ட, என் மருந்து எட்டல!"

"நான் நல்லாத்தான் இருக்கேன் மச்சான்!"

சொல்லி முடிக்கவில்லை. செத்தேன்.

கூச்சல் அடங்கி, மாமியைச் சமாதானப்படுத்தி அனுப்பிய பிறகு மச்சான் மெதுவாகச் சொன்னார்.

"இதுக்குத்தான் நான் ஹீலர் எடுத்தேன். ஒனக்கு எவ்ளோ முடியலன்னு இங்க கோடு காட்டுது. போன்ல காட்ட மாட்டேங்குது. எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கேங்கிற."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் தெரியுமா?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. பாவம், தனியாக அங்கே கிடந்து என்ன செய்வார்கள்? ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன். மூணு நாள் நெட் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தோம். அப்புறமும் சொல்லவில்லை. லீவில் வந்தவர் என் வயிற்றில் தழும்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். நானும் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவரைக் கவலைப்பட விடாமல் வைத்திருப்பதும் ஒரு வகையில் தள்ளி வைப்பதுதான், இல்லையா?

இந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல, "எப்படி இருக்க?" என்றார்.

'நல்லா' வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன்.

"முட்டி வலிக்குது மச்சான். பத்து நாளா. மாடிப்படி ஏற முடியல."

அந்தக் குரலுக்கு வந்த தெம்பைக் கேட்டிருக்கணுமே! எந்த முட்டி, வீக்கம் இருக்கா, எக்ஸ்ரே எடுத்தியா, நாளைக்கே டாக்டர்ட்ட போ... பெண்டாட்டியின் முட்டி வலிக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட புருஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"சரி, உங்க கோடு எப்படி இருக்கு?" என்றேன்.

"எனக்கென்ன, நல்லா..." நிறுத்திவிட்டார். "சுகர் வந்திருக்கு மெஹரு. ஆறு மாசமா மாத்திரை போடுறேன்."

திட்டினேன். அழுதேன். அழுதுகொண்டே மறுபடி திட்டினேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். கத்தரிக்காய் ஞாபகமே வரவில்லை.

இந்த வாரம் ஓநாய்களுக்கு லீவு.