ரிக்‌ஷா இழுத்த துரை

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் என் கணவர் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா. நான் பொம்மை செய்கிறவள். அங்கிருந்த நம்மவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். "காரைக்கால்காரிக்குப் பைத்தியம்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

பிரான்ஸுக்குத் திரும்பும் குடும்பங்கள் கழித்துக்கட்டும் சாவிப் பொம்மைகள் சந்தைக்கு வரும். மேளம் தட்டாத கரடி, சுற்ற மறுக்கும் நடனக்காரி. எல்லாவற்றையும் வாங்கி வந்து பிரித்துப் போடுவேன். சுருள்வில் எப்படி இறுகுகிறது, பல்சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அலமாரி நிறைந்த பிறகு சொந்தமாகச் செய்யத் தொடங்கினேன்.

செய்ததிலேயே எனக்குப் பிடித்தது ஒரு ரிக்‌ஷா. மத்தி மீன் டப்பாத் தகரம். சாவி கொடுத்தால் வெள்ளைத் தொப்பி போட்ட துரை குனிந்து குனிந்து இழுத்துக்கொண்டு ஓடுவார். பின்னால் வியட்நாமிய ரிக்‌ஷாக்காரர் கால்மேல் கால் போட்டு விசிறிக்கொண்டு வருவார். தெருப்பக்கத்து ஜன்னலில் வைத்தேன். ரிக்‌ஷா இழுப்பவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் தினமும் வருவார். இன்னும் வேகமாக ஓடட்டும் என்று கையைச் சுழற்றிக் காட்டுவார்.

பேச்சு அலுவலகத்துக்கு எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, கணவரின் பிரெஞ்சு மேலதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆளை மாற்றி வை. கூலிக்காரன் இழுக்கட்டும்" என்றார் என்னிடம்.

"அதைப் பார்க்க என் ஜன்னல் எதற்கு முசியே? தெருவில் நின்றாலே போதுமே."

அவர் முகம் சிவந்துவிட்டது. கணவரிடம் திரும்பினார். "உடைத்துப் போடு. இப்போதே."

கணவர் பயந்த மனிதர். அலுவலகத்தில் இரைந்து தும்மக்கூட மாட்டார். அவர் ஜன்னலருகே போனார். கெஞ்சக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் பொம்மையை எடுத்தார். சாவியை முழுக்கத் திருகினார். மேசைமேல் மேலதிகாரிக்கு நேராக ஓடவிட்டார். விளிம்புக்கு வந்ததும் பிடித்து, மறுபடியும் சாவி கொடுத்தார்.

மேலதிகாரி வெளியேறினார்.

"ஏங்க, வேலை?" என்றேன்.

"போனால் போகட்டும்" என்று பொம்மையை ஜன்னலிலேயே திரும்ப வைத்தார்.

வேலை போகவில்லை. தெற்கே, சேறும் கொசுவுமான ஓர் ஆற்றுத்துறைக்குத் தூக்கியடித்தார்கள். பதவி உயர்வு அதோடு சரி. கொசுவைப் பற்றி ஆயுசு முழுக்கப் புலம்பினார். பொம்மையைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்த ஊரில் நான் அடுத்துச் செய்தது ஒரு நீதிபதி. தலை நாலு பக்கமும் திரும்பும். கண் மட்டும் திறக்காது. அதையும் யாரிடமிருந்தும் மறைத்து வைக்கவில்லை.