கொரியன் புல்லும் பேச்சியக்காவின் மாடுகளும்

நாங்கள் குடியிருக்கும் கோயம்புத்தூர் அடுக்ககத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் புல் வெட்டுவார்கள். மிஷின் ஓடி ஓய்ந்ததும் வெட்டுப்பட்ட புல்லின் வாசனை மூன்றாவது மாடி வரை ஏறி வரும். என் கணவர் அதை இழுத்து முகர்ந்துவிட்டு, "ஊட்டி வாசனை" என்பார். எனக்கு அது பாளையங்கோட்டை வாசனை. சொன்னால் சிரிக்கிறார். பாளையங்கோட்டை வெயிலுக்கும் புல்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொண்ணூறுகளில் எங்கள் ஊரே அதைக் கேட்டது. கேட்டது மைதீன் அண்ணாச்சியிடம்.

அவர் மேலப்பாளையத்துக்காரர். வளைகுடாவில் முனிசிபாலிட்டித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வேலை என்றால் மணலில் புல் வளர்ப்பது. கல்யாணமான மறு வருஷம் போனவர், நடுநடுவே லீவில் வந்து வந்து, ஒருநாள் 'இனிப் போவதில்லை' என்று திரும்பி வந்துவிட்டார். அந்தக் கடைசி வரவில் மரப்பெட்டி ஒன்று கூடவே இறங்கியது. சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் துணிமணியும் இருக்கும் என்று சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி நின்றதாம். பெட்டியைத் திறந்தால் உள்ளே புல் வெட்டும் மிஷின். கையால் தள்ளுகிற வகை. அண்ணாச்சியின் மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று பின்னாளில் அவர் மனைவி சைனம்பு மதினி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

திருச்செந்தூர் சாலையில் இடம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து நர்சரி போட்டார் அண்ணாச்சி. நான் அப்போது தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். நர்சரிக்குப் படித்த பிள்ளை வேண்டுமாம் என்று அப்பா எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஏதோ ஆராய்ச்சிக்கூடம் என்று நினைத்துப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு கிணறு, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் செடிகள். எனக்குத் தந்த முதல் வேலை, எல்லாச் செடிக்கும் லத்தீன் பெயர் எழுதி மாட்டுவது.

"குரோட்டன்ஸ்னு சொன்னா பேரம் பேசுதான். அந்த நீளப் பேரைப் பார்த்தான்னா வாயைத் தொறக்க மாட்டான்" என்றார் அண்ணாச்சி. அன்றிலிருந்து நான் அவருக்கு டீச்சரம்மா. தகரத்துண்டில் 'கோடியேயம் வேரிகேட்டம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிவிட்டுப் பெருமையோடு நிற்பேன். வந்தவர்கள் அதை ஏதோ மருந்துக்கடைப் பெயரைப் படிப்பது போல உதட்டை அசைத்துப் படித்துவிட்டு, "இட்லிப்பூ இருக்கா?" என்பார்கள்.

பாதிப் பேர் வாங்குவதற்கே வருவதில்லை. பிள்ளைக்கு இருமல், கற்பூரவல்லி நாலு இலை வேணும். சளிக்கு வேது பிடிக்க ஒரு கை நொச்சி. ஆடாதோடை, தூதுவளை, கீழாநெல்லி. கிணற்றுக்குப் பின்னால் இவற்றுக்கென்றே ஒரு பாத்தி வைத்திருந்தார் அண்ணாச்சி. விலை கிடையாது. சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் கூட்டமாக வந்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளி முகர்ந்து பெயர் ஒப்பித்துக்கொண்டு நிற்பார்கள். "கிள்ளிக் கிள்ளியே மொட்டை அடிச்சிட்டானுவ. நாளைக்கு நாடி பிடிச்சா மருந்தாவது சரியாச் சொல்லட்டும்" என்று முனகிக்கொண்டே அவர்களுக்கு மோரும் கொடுப்பார்.

ஆனால் அவர் மனசெல்லாம் புல்லில் இருந்தது. வாசலிலேயே ஒரு பத்தமடைப் பாய் அகலத்துக்குக் கொரியன் புல் வளர்த்து வைத்திருந்தார். ஊசி போல மெல்லிசாக, மெத்தை போல இருக்கும். வருகிறவர்களை எல்லாம், "செருப்பைக் கழத்திட்டு ஒருக்கா மிதிச்சுப் பாருங்க" என்பார். மிதிப்பார்கள். முகம் மலரும். பிறகு, "ஏன் வே, புல்லைப் போயி எவனாது துட்டு குடுத்து வாங்குவானா?" என்று கேட்டுவிட்டு, ஒரு ரோஜாப் பதியனோடு பஸ் ஏறிவிடுவார்கள்.

பள்ளி விடுமுறை நாட்களில் மதினி சாப்பாடு கொண்டுவரும்போது மகள் ஜுலைகாவும் வருவாள். மூன்றாம் வகுப்போ என்னவோ. அவளுக்கு வாப்பா என்றால் லீவில் வருகிறவர். வந்தால் மிட்டாய் தருவார், கொஞ்ச நாளில் போய்விடுவார். ஒரு மத்தியானம் அவர் சோற்றில் கை வைத்திருக்கும்போது மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"வாப்பா, நீங்க எப்பம் போவீங்க?"

விருந்தாளியைக் கேட்பது போலத்தான் இருந்தது. குறும்பு ஒன்றும் இல்லை. அண்ணாச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வெகுநேரம். தண்ணீர் மொள்ளப் போவது போல மதினி கிணற்றுப்பக்கம் போனார். நானும் கூடப் போனேன். அங்கேதான் சொன்னார். வளைகுடாவில் கூட இருந்த கூட்டாளி ஒருவர் மறுபடி விசா ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டு பதில் கேட்டபடி இருக்கிறாராம். நர்சரி கையைக் கடிக்கிறதாம். "இந்த மழைக்காலம் வரைக்கும் பார்ப்போம்னு சொல்லுதாக. அதுக்கு மேல எனக்கும் சொல்லத் தெரியல."

அந்தச் சமயத்தில்தான் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு ரைஸ்மில் முதலாளி காரில் வந்து இறங்கினார். கல்லூரி கட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரில் ஏதோ ஹோட்டலில் தங்கியவர், அங்கே பார்த்த மாதிரி கட்டடத்துக்கு முன்னால் பச்சைப் பசேலென்று வேண்டும் என்றார். திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிறார், அதற்குள் பச்சை பிடிக்க வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே அவராகவே கழற்றிவிட்டு மிதித்தார். அண்ணாச்சி அளவு நாடாவைத் தேடிக் கொட்டகைக்குள் ஓடினார்.

அந்த இடம் அதுவரை வெட்டவெளி. அறுகும் கோரையும் நெருஞ்சியும் மண்டிக் கிடந்தது. அதை எல்லாம் செதுக்கி எடுத்து, மண்ணைச் சலித்துச் சமம் செய்தோம். புல் நடுவதற்கு நாற்று நடுகிற பெண்களையே கூப்பிட்டோம். நெல் நட்ட கை, வரிசை பிசகாமல் சரசரவென்று பின்னால் நகர்ந்தது. ஒருத்தி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"இது எப்பம் கதிரு வைக்கும் அண்ணாச்சி?"

"கதிரெல்லாம் வைக்காது."

"அப்பம் அறுப்பு?"

"வாராவாரம் அறுப்புதான்."

வயல் முழுக்க, அதாவது கல்லூரி வாசல் முழுக்க, ஒரே சிரிப்பு.

சிரிக்காமல் வேலிக்கு வெளியே ஒருத்தி நின்றாள். பேச்சியம்மாள். பக்கத்து ஊர்க்காரி. புருஷன் இல்லை. நாலு மாடு வைத்துக்கொண்டு டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தவள்.

"என் மாடு மேஞ்ச புல்லைப் பூராவும் செத்திப் போட்டுட்டு, இப்பம் துட்டு குடுத்துப் புல்லு நடுதீயளாக்கும்?" என்றாள்.

எனக்கு அது நல்ல வேடிக்கைப் பேச்சாகப் பட்டது. அண்ணாச்சி மட்டும் அன்று பஸ்ஸில் வரும்போது அதையே இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

புல் வேர் பிடித்து, துளிர்த்து, ஒன்றோடொன்று கை கோக்கத் தொடங்கியிருந்தது. விழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஒருநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேற்கு மூலையில் வேலி சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் முழுக்க மண் தெரிகிற அளவுக்கு மாடு மேய்ந்திருந்தது. குளம்பு பதிந்த குழிகளில் நீர்த்தெளிப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கல்லூரி மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். காவலாள் ஒரு மாட்டைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தான். மாட்டைப் பவுண்டுப் பட்டியில் அடைக்க வேண்டும், பேச்சி மேல் போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை அண்ணாச்சிதான் செய்ய வேண்டும் என்றார் மேனேஜர். "இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிடுதோம்."

அண்ணாச்சி குனிந்து ஒரு குழியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்து மாட்டை அவரே ஓட்டிக்கொண்டு பேச்சியின் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன், அந்தப் புதுச் சேலை சேறாக.

பேச்சி வாசலில் நின்றாள். சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"மாட்டுக்குப் புல்லுன்னா புல்லுதான். எது மந்திரிக்கு உள்ளதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான்" என்றார் அண்ணாச்சி. "ஒரு வாய்த் தண்ணி தா தாயி."

தண்ணீர் குடித்துவிட்டுத் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தார். புல்லை வாரம் ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். வெட்டின புல் அத்தனையும் அவள் மாட்டுக்கு. புல்லுக்குத் தண்ணீர் விடவும் பார்த்துக்கொள்ளவும் அவளையே சம்பளத்துக்கு வைக்கச் சொல்கிறேன் என்றார்.

"நான் புல்லுக்குக் காவலா? ஊரு சிரிக்காதா?"

"எங்க ஊரும் சிரிச்சிச்சு. பாலைவனத்துல போயி புல்லுக்குத் தண்ணி விட்டவன் நான். எம் பிள்ளை வளந்ததை நான் பாக்கல தாயி, புல்லு வளந்ததைத்தான் பாத்தேன். இந்தப் புல்லு பொழைச்சா இங்கன இருப்பேன். இல்லாட்டா மறுபடி போணும்."

அதுவரை அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. பேச்சி அவரைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள். "மாடு கடிச்சது பைய வந்துரும் அண்ணாச்சி. வேரைத் திங்கல" என்றாள்.

ரைஸ்மில் முதலாளியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தது தனிக்கதை. மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். குளம்புக் குழிகளை ஆற்று மணல் போட்டு நிரப்பினோம். பேச்சி காய்ந்த சாணியை நொறுக்கிச் சலித்துக் கூடை கூடையாகக் கொண்டுவந்து தூவினாள். காலையும் மாலையும் தண்ணீர். அவளுடைய மாடுகள் வேலிக்கு வெளியே கட்டிக் கிடந்து, வெட்டிப் போட்ட துணுக்குப் புல்லை அசைபோட்டபடி எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். மேய்ந்த மூலை மற்ற இடத்தைவிட அடர்த்தியாகக் கிளம்பியது. "மொத வெட்டு மாடு வெட்டிட்டு, டீச்சரம்மா" என்று அண்ணாச்சி என்னிடம் கண்ணைச் சிமிட்டினார்.

விழாவன்று பந்தல்காரர்கள் வந்து புல்லுக்கு நடுவிலேயே கம்பு நட்டார்கள். புல் மேலேயே நாற்காலி வரிசை. மந்திரி கடைசி நேரத்தில் வரவில்லை. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு அழுகை வந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுப் பந்தல் வாசலைக் காட்டினார். சுற்றுக் கிராமத்துச் சனங்கள் புல்லின் ஓரம் வரை வந்து, யாரும் சொல்லாமலேயே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கோயில் வாசல் போலக் குவிந்து கிடந்தன செருப்புகள். ஓர் ஆள் நாற்காலியை விட்டுவிட்டுப் புல்லிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு டாக்டர் மறுவாரமே ஆள் அனுப்பினார். பிறகு ஒரு கல்யாண மண்டபம், பிறகு வங்கி அதிகாரி ஒருவர் வீடு. கூட்டாளிக்குப் போன் செய்து, விசாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி. மறு கோடையில் ஒருநாள் அவர் சரக்கு இறக்கிவிட்டுத் தாமதமாக வந்தபோது ஜுலைகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க போனீங்க இம்புட்டு நேரம்? எனக்குப் பசிக்குல்லா?" என்று சத்தம் போட்டாள். அவர் திட்டு வாங்கிக்கொண்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

நான் கல்யாணமாகி ஊரைவிட்டு வந்தேன். நர்சரி வெகுகாலம் நன்றாக நடந்தது. சாலையை அகலப்படுத்தியபோது கொட்டகையும் கிணறும் போயின. மருந்துப் பாத்தி இருந்த இடத்தில் இப்போது மோட்டார் பைக் விற்கிறார்கள். அண்ணாச்சி அதற்குப் பிறகு வெளிநாடு போகவேயில்லை. சில வருஷங்களுக்கு முன் மேலப்பாளையத்தில் தன் வீட்டில், மகள் பக்கத்தில் இருக்கக் காலமானார்.

போன வருஷம் அக்கா மகனைச் சேர்ப்பதற்காக அந்தக் கல்லூரிக்குப் போனேன். முன்வாசல் முழுக்கக் கல் பதித்துக் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். நீலச் சேலையில் ஒரு வயதான அம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் அடையாளம் காண்பதற்கு முன்னால் அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"கல்லு நல்லதுதான் தாயி. தண்ணி விட வேண்டாம், வெட்ட வேண்டாம். பெருக்கினாப் போதும்" என்றார் பேச்சியக்கா. கோபமோ வருத்தமோ குரலில் இல்லை. மாடுகளைப் பற்றிக் கேட்டேன். சுற்றியிருந்த வெட்டவெளி எல்லாம் வீட்டு மனையானதும் மேய்க்க இடமில்லாமல் ஒவ்வொன்றாக விற்றுவிட்டாராம்.

"அப்போ பாலுக்கு?"

"கடையில பாக்கெட்டுப் பாலுதான்" என்றார். பிறகு, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தவர் போல என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "எம்புட்டு நேரம் காச்சுனாலும் ஆடையே கட்ட மாட்டேங்கு."