எட்டுக்குள் இருந்த மூன்று

போன ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி சாரின் மகள் போன் செய்தாள். "அப்பா மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தாங்க. அப்புடியே போயிட்டாங்கக்கா" என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. அடுத்தவர் கையை எதிர்பார்த்துப் படுக்கையில் கிடக்க அந்த மனிதரால் முடிந்திருக்காது. ஆயுதப் படையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

உங்களுக்கு அவர் ரைஃபிள்களைப் பழுது பார்த்த ஆர்மரர். எங்களுக்கு அவர் அறிமுகமானது ஒரு தேர்தல் நேரத்தில். வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் மக்காச்சோளக் காட்டில் பன்றித் தொல்லை. அதற்காக அப்பா உரிமம் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் முடியும்வரை அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பாவோடு நானும் போனேன். குழலில் இருந்த எண்ணில் ஓர் எட்டு. உரிமத்தில் அதே இடத்தில் மூன்று.

"வேற துப்பாக்கிய மாத்திக் கொண்டாந்திட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். அப்பா உரிமத்தையும் குழலையும் மாறி மாறிப் பார்த்தார். கேஸ் போட்டால் ஜெயில்தான் என்று பக்கத்தில் நின்றவர் வேறு சொல்லிவைத்தார்.

நடந்தது இதுதான். சீர்ப் பாத்திரத்தில் பெயர் மங்கினால், அதன்மேலேயே மறுபடி வெட்டி வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். துப்பாக்கி எண்ணும் மங்கிவிட்டதே, அதிகாரிகளுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று அப்பா குழலை மட்டும் கழற்றி, துண்டில் சுற்றி, டவுனில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்திருக்கிறார். தேய்ந்த மூன்று அவர் கண்ணுக்கு எட்டாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் நிதானமானவர். ஆர்மரரை வரச்சொன்னார். கலியமூர்த்தி சார் சிடுசிடுத்துக்கொண்டே வந்தார். பூதக்கண்ணாடி வைத்து எண்ணைப் பார்த்தார். குழலுக்குக் கீழே இருந்த கட்டையைக் கழற்றி அடிப்பக்கத்தையும் பார்த்தார். நிமிர்ந்ததும் அப்பாவிடம்தான் பேசினார். "பெரியவரே, இது உங்க துப்பாக்கிதான். மொதல்ல உக்காருங்க."

அப்பா உட்கார்ந்த பிறகுதான் இன்ஸ்பெக்டருக்கு விளக்கம். "கம்பெனில பஞ்ச் வச்சு அடிப்பாங்க சார். இரும்பு அமுங்கி, கோடு ஆழமா வுழும். பாத்திர மெஷின் புள்ளி புள்ளியா மேலாப்புல கொத்திட்டுப் போவும். இந்த எட்டுல வலது பக்கம் புள்ளிக்குக் கீழ அடிச்ச கோடு இருக்கு. இடது பக்கம் வெறும் புள்ளிதான்." கட்டைக்குள் மறைந்து தேயாமல் இருந்த அதே எண்ணையும் காட்டினார். அங்கே மூன்று மூன்றாகவே இருந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

திட்டு அதற்கப்புறம் விழுந்தது. "ஆசிட் வச்சு அரிக்கிறதோ, லேசர்ல சுடுறதோ, எதுன்னாலும் லைசென்ஸ் ஆபீஸ்ல கேட்டுத்தான் செய்யணும். துப்பாக்கி என்ன தூக்குவாளியா?" அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

பெயர் வெட்டினவரையும் ஒரு கை பார்க்கிறேன் என்று கலியமூர்த்தி சாரே டவுனுக்குப் போனார். சண்டை போட்டுவிட்டு, மனைவி பெயர் வெட்டிய டம்ளரோடு வந்தார். "நல்ல கை. எழுத்து பிசிறில்லாம வுழுவுது" என்று எங்களிடமே மெச்சிக்கொண்டார்.

அன்றைக்கு ஏன் அப்பாவிடம் முதலில் சொன்னீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். "நல்ல சேதியக் கையில வச்சிக்கிட்டு ஒரு மனுசன நிக்க வைக்கலாமாம்மா?" என்றார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். சாரின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, குன்னத்திலிருந்து ஓர் அம்மா மகனுடைய ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். ரசீதைக் கேட்பதற்கு முன்பே, "பையனுக்கு ஒண்ணுமில்லங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். ரிப்போர்ட்டை வாங்க வெகுநேரம் கழித்துத்தான் எழுந்து வந்தார்.