இரண்டாவது ஆளின் வேகம்

காலை ஆறு மணிக்குச் சற்று மேல். சென்னையிலிருந்து வரும் ரயில் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும், அதற்கடுத்து ராஜபாளையம். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர். நான் இறங்கவேண்டிய இடம் ராஜபாளையம். இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்கு முன்பே பல் விளக்கி, தலை சீவி, கதவருகே வந்து நின்றுகொண்டேன். நடைமேடையில் ஒரு டீக்காரரும் இரண்டு நாய்களும்தான் இருந்தார்கள். ஞானராஜ் சார் இல்லை. அவர் எப்படி இருப்பார்? நான் இந்த வண்டியில் வருவதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது.

நாங்கள் இருவரும் தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்களாக இருந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தலைமுடி நரைத்தும் ஒருவரை ஒருவர் ‘சார்’ என்றே அழைத்தோம். ஓய்வு பெற்றதும் அவர் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். நான் தனிக்கட்டை. எங்கே போவது? பெருங்களத்தூரில் அதே ஒற்றைப் படுக்கையறை வீடு.

ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடம் மாணவர்களுக்கு வாக்கியக் கணக்குப் போட்டி நடத்துகிறது. சூத்திரம் கேட்க மாட்டார்கள், எல்லாமே கதைதான். தொட்டி நிறையும், குழாய் ஒழுகும், அப்பாவின் வயது மகனின் வயதைப்போல மூன்று மடங்காக இருக்கும். வருஷா வருஷம் கேள்விகளை நான் எழுதுவேன், ஞானராஜ் சரிபார்ப்பார். ஒன்றும் தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, “இது அந்தப் பையனுக்கு எப்படி சார் தெரியும்?” என்பார். அங்கே நிச்சயம் ஓர் ஓட்டை இருக்கும். எரிச்சலாக வரும். ஆனால் அவர் தலையசைத்துவிட்டால் அந்தக் கேள்வியை எமனே வந்தாலும் அசைக்க முடியாது.

சண்டைக்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். பதினேழு மாணவர்கள் ஆட்டோவில் போகவேண்டும், ஓர் ஆட்டோவில் மூன்று பேர், எத்தனை ஆட்டோ? ஆறு என்பது விடை. ஒரு பெண் ‘ஐந்து, மீதி இரண்டு பேர் மடியில் உட்கார்ந்துகொள்வார்கள்’ என்று எழுதியிருந்தாள். ஞானராஜ் முழு மதிப்பெண் போடச் சொன்னார், நான் சுழியம் போட்டேன். மேடையிலேயே வார்த்தை தடித்தது. ‘உங்களுக்கு ஊர் தெரியாது’ என்றார் அவர். ‘உங்களுக்குக் கணக்கு தெரியாது’ என்றேன் நான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு போட்டிக்கு வேறு ஆட்களைக் கூப்பிட்டார்கள். இந்த வருஷம் தலைமையாசிரியை மறுபடி எங்களையே அழைத்திருக்கிறார். “ஞானராஜ் சார்ட்டயும் சொல்லியிருக்கேன். வாரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல” என்றார் போனில். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ரயிலேறினேன்.

காலை ஏழு மணி, ராஜபாளையம். மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. எங்கோ ஒரு மில் சங்கு ஊதியது. வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. குளித்து உடை மாற்றுவதற்காகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் போனில் யாரிடமோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எத்தனை பேரு சார்?”

“ஒருத்தர்தான்.”

“டபுள் ரூம்தான் இருக்கு. அறுநூறு.”

இரண்டு கட்டில், இரண்டு தலையணை, இரண்டு தம்ளர். ஒரு கட்டிலில் பையை வைத்தேன். வேறு என்ன செய்வது?

ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போக ஷேர் ஆட்டோ பிடித்தேன். பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் மடியில் ஆளுக்கொரு யூனிபார்ம் பிள்ளை. நான் தயங்கி நின்றேன்.

“ஏறுங்க சார், எடம் கெடக்கு” என்றார் ஓட்டுநர்.

“எங்கே இருக்கு?”

“எம் பக்கத்துல வாங்க. செத்த நேரம்தான, ஒரு பக்கமா ஒக்காந்துக்கிடலாம்.”

பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே, பத்து ரூபாய். வழியில் இன்னொரு பிள்ளையும் ஏறியது. யார் மடியில் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஞானராஜ் மட்டும் பார்த்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். அது போதும், எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

பள்ளி அரங்கில் நடுவர் மேசைக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், இரண்டு தண்ணீர் பாட்டில். பத்து மணிக்குப் போட்டி தொடங்கியது. பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேருக்குக் குறையாது. எழுத்துச் சுற்றில் பேனாக்கள் ஓடும் சத்தம் ஒன்றுதான் கேட்டது. நான் ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நிமிர்ந்தேன். முதலில் மணியடிக்கும் அம்மா வந்தார், பிறகு காபி, பிறகு ஒரு மாணவனின் அப்பா. பதினொன்றரைக்குப் பிறகு நிமிர்வதை விட்டுவிட்டேன். மனிதர் பிடிவாதக்காரர், வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரை எவ்வளவு தேடியிருக்கிறேன் என்பது அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கடைசிச் சுற்று வாய்மொழிச் சுற்று. அதில் இரண்டு பேர் சமமாக நின்றார்கள்: ராஜபாளையத்துப் பையன் ஒருவன், செட்டியார்பட்டியிலிருந்து வந்த மகாலட்சுமி என்ற பெண். எழுதிக் கொண்டுவந்த கேள்விகள் தீர்ந்துவிட்டன. நின்ற இடத்திலேயே ஒன்று கட்டிச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் நான் சொல்லத் தொடங்கினால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பார். மைக்கைப் பிடித்தேன்.

“ராஜபாளையத்திலிருந்து ஒருவர் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி நடக்கிறார். அதே நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்னொருவர் அவரை நோக்கி வருகிறார். தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர். எத்தனை மணிக்குச் சந்திப்பார்கள்?”

“பத்தரை சார்!” என்று பையன் உடனே கத்தினான். அவனுடைய பள்ளிக்காரர்கள் கைதட்டினார்கள்.

மகாலட்சுமி எழுந்து நின்றாள். ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “சார், ரெண்டாவது ஆளு எம்புட்டு வேகத்துல வாராருன்னு நீங்க சொல்லலியே.”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் இடப்பக்கம் திரும்பினேன், பழக்கதோஷம். பாட்டில்தான் இருந்தது. பையன் இருவருக்கும் ஒரே வேகம் என்று அவனாகவே வைத்துக்கொண்டான். நானும் சொல்லாமலே அப்படித்தான் நினைத்திருக்கிறேன். காதெல்லாம் சுட்டது.

“அது தெரியாது என்றே வைத்துக்கொள் அம்மா” என்றேன். “அப்போது என்ன சொல்வாய்?”

கூரையைப் பார்த்து யோசித்தாள். “அப்படின்னா இத்தன மணிக்குன்னு சொல்ல முடியாது சார். ஆனா பன்னெண்டு மணிக்குள்ள பாத்துரலாம். அவரு கெளம்பாம வீட்டுலயே இருந்தாக்கூட, மொத ஆளு நிக்காமப் போனாப் பன்னெண்டு மணிக்கு அவரு வீட்டுக்கே போயிருவாருல்ல?”

பரிசை அவளுக்குக் கொடுத்தேன். பையன் முகம் சுருங்கினாலும் வந்து அவளுக்குக் கைகொடுத்தான். நல்ல வளர்ப்பு.

பள்ளியிலேயே சாப்பாடு போட்டார்கள். இரவு எட்டு மணிக்கு எனக்குத் திரும்பும் ரயில், ராஜபாளையத்தில் ஏறவேண்டும். அதே வண்டி அடுத்தாற்போல் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கத்தானே போகிறது? ஏறும் இடத்தைப் போனிலேயே மாற்றினேன். லாட்ஜில் பையை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குப் பேருந்து நிலையத்தில் இருந்தேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே திருவண்ணாமலை என்று ஒரு குன்று, மேலே பெருமாள். அங்கே போகும் கூட்டம் அத்தனையும் நான் ஏறிய பேருந்தில் இருந்தது. பதினைந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தது. துளசி மாலையும் தேங்காய்ப் பைகளுமாக ஒரு குடும்பம் என்னைக் கம்பியோடு சேர்த்து அழுத்தியது. “அய்யா, செத்த உள்ள போங்க” என்றார் கண்டக்டர். உள்ளே என்றால் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. வன்னியம்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்கில் வண்டி நின்றபோது எதிரே ஒரு ராஜபாளையம் பேருந்து வந்து நின்றது. யாரோ ஒருவரின் அக்குளுக்குக் கீழே அதன் சன்னல் ஒன்று கொஞ்சம் தெரிந்தது. அவ்வளவுதான், இரண்டும் கிளம்பிவிட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் கால்கிலோ பால்கோவா வாங்கினேன். அந்த ஊர்க்காரருக்கு அந்த ஊர்ப் பால்கோவா. திருநெல்வேலிக்கே அல்வா என்பது இதுதான். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. விசாரித்துக்கொண்டே நடந்து வீட்டைக் கண்டுபிடித்தபோது நான்கு மணி. கதவில் பூட்டு தொங்கியது.

மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் எண்ணை அழுத்தினேன். பூட்டிய வீட்டுக்குள்ளே போன் அடித்தது. அடித்து முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்து தலையில் முக்காடிட்ட ஓர் அம்மா வந்தார். “யாரு, ஞானராஜ் சாரையா தேடுதீய? அவிய ராஜபாளையத்துக்குல்லா போயிருக்காக. ஏதோ பள்ளிக்கூடத்துல போட்டியாம்.”

“எப்போது போனார்?”

“இப்பத்தான், மூணு மணி பஸ்ஸுக்கு. காலையில இருந்து சட்டையப் போடுறதும் கழட்டுறதுமா இருந்தாக. ‘போவமா, வேண்டாமா’ன்னு எங்கிட்ட வேற கேக்காக. போயிட்டுத்தான் வாங்களேன்னேன். போன எடுக்க மறந்துட்டாக.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வன்னியம்பட்டி விலக்கில் எதிரே நின்ற பேருந்து அதுதான், வேறு எது? கணக்கில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே புள்ளிக்கு வந்துவிட்டால் சந்தித்துவிட்டார்கள் என்று எழுதி, கீழே கோடு போட்டுவிடுவோம். வாழ்நாள் முழுதும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களா என்று நானும் கேட்டதில்லை, எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

பள்ளிக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. அந்த அம்மா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், டீ கொடுத்தார். “இருங்க, வந்துருவாக” என்று நான்கைந்து முறை சொன்னார். தெருமுனையில் யார் திரும்பினாலும் பார்த்தேன். வெயில் இறங்கியது, விளக்கு எரிந்தது. ஏழரைக்கு எழுந்துவிட்டேன். ரயிலை விட்டுவிட்டு இன்னும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வந்து, என்னை அங்கே பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அந்தப் பயம் எனக்கு இருந்தது. பால்கோவாவை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனேன்.

எட்டு மணிக்குமேல் ரயில் வந்தது. எனக்குக் கடைசிக்கு முந்தைய பெட்டி. ஏறிப் பையை வைத்துவிட்டுக் கதவுக்கு வந்தேன். அப்போதுதான் முன்பக்கம், நான்கு பெட்டி தள்ளி, ஒருவர் கம்பியைப் பிடித்துத் தடுமாறி இறங்குவதைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இளைத்திருந்தார். பள்ளியில் என் வண்டியை விசாரித்து, ராஜபாளையத்தில் நான் ஏறியிருப்பேன் என்று அதிலேயே ஏறிப் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பாதி வண்டிதான் முடிந்திருக்கும், அதற்குள் அவர் ஊர் வந்துவிட்டது.

வண்டி நகர்ந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார், என் பெட்டி அவரை நோக்கிப் போனது.

“சார்!” என்று கத்தினேன்.

நிமிர்ந்தார். இரண்டடி ஓடிவந்தார்.

“அஞ்சுதான் சார்! அஞ்சு ஆட்டோ போதும்!”

அவர் கையைக் காதருகே வைத்தார். அதற்குள் தாண்டிவிட்டேன். நடைமேடை முடிந்து இருட்டு வந்தது.

படுக்கையில் உட்கார்ந்தேன். எதிர்ப் படுக்கை காலி. பெருங்களத்தூர் வீட்டில் காலையில் நானே கதவைத் திறந்து நானே விளக்கைப் போடவேண்டும். அங்கே யார் வருகிறார்கள் என்று கதவைப் பார்க்கும் வேலைகூட இல்லை. சிவகாசி போயிற்று. விருதுநகர் வரும் நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன்.

“ரெண்டாவது ஆளு வேகத்தச் சொல்லாம விட்டுட்டீங்களாம்ல?” என்றார் ஞானராஜ். “ஸ்கூல்ல சொன்னாங்க. நான் இருந்தா விட்டிருப்பனா?”

“விட்டிருக்க மாட்டீர்கள்.”

“அப்பறம் இன்னொன்னு சார். நானும் யோசிச்சுப் பாத்தேன். மூணு பேருன்னா மூணு பேருதான். ஆறுதான் சரி.”

“இல்லை சார். காலையில் நானே ஆட்டோவில் வந்தேன். ஐந்து போதும்.”

“அதெப்படி? கணக்குன்னு வந்தா ஆறுதான சார்!”

“உங்களுக்கு ஊர் தெரியவில்லை சார்.”

மதுரை வரும்வரை சண்டை போட்டோம்.