எஸ்தர் அக்கா சொன்ன ஜெபக் குறிப்பு

எஸ்தர் அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். இறந்துவிட்டார் என்பதற்காக எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த காலையில்தான் அக்கா இறந்த செய்தி வந்தது. தொலைபேசியை எடுத்த அப்பா, "டெங்குவா? நம்ம எஸ்தருக்கா?" என்றார். அம்மா சடையைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அம்மா மறுபடியும் பழைய நிலைக்குப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

போன வருடம் அம்மா பல வாரங்கள் குளிக்கக்கூட எழவில்லை. தாம்பரத்தில் ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை தந்தார். எங்கள் பெருங்களத்தூர் குடியிருப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன் என்று அவரவர் ஜெபக் குறிப்பு சொல்ல, எல்லாரும் அதற்காக ஜெபிப்பார்கள். ஒரு வாரம், கூட்டத்தை நடத்தும் கிரேஸ் ஆன்ட்டி, "சோர்வின் ஆவி இந்தச் சகோதரியை விட்டுப் போகணும். விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அம்மாவும் சொன்னார். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

எஸ்தர் அக்கா எங்கள் பக்கத்து பிளாக். நகரத்தில் ஒரு கல்லூரியில் மூளைச் செல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்தார். ஜெபக்கூட்டத்துக்கு எப்போதும் தாமதமாகத்தான் வருவார்; மின்சார ரயில்மேல் பழியைப் போடுவார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வந்தார். வந்ததும் அம்மாவைக் காட்டி, "என் குறிப்பு ஒண்ணுதான். ஆன்ட்டி மாத்திரைய விடாம சாப்பிடணும், அது நல்லா வேலை செய்யணும்" என்றார்.

"எலி மூளைய அறுக்கற பொண்ணு, உனக்கு ஆவியைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் கிரேஸ் ஆன்ட்டி.

"ஆவியைப் பத்தி நீங்க சொல்லுங்க ஆன்ட்டி, மூளையைப் பத்தி நான் சொல்றேன்." சிலர் சிரித்துவிட்டார்கள். அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மூளைல நரம்பு செல்கள் ஒண்ணுக்கொண்ணு ரசாயனம் அனுப்பித்தான் பேசிக்குது. அதுங்களச் சுத்தி 'கிளையா'ன்னு வேற ஒரு வகை செல்கள் இருக்கு. சும்மா பசை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்குன்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. ஆனா மிஞ்சின ரசாயனத்தை எடுத்துச் சுத்தம் பண்றதே அதுங்கதான். கல்யாணத்துல இலை எடுக்கலன்னா அடுத்த பந்தி எங்க உட்காரும்? மனச்சோர்வோட வாழ்ந்து இறந்தவங்க மூளைல, சில இடங்கள்ல கிளையா செல்கள் குறைவா இருந்ததைப் பார்த்திருக்காங்க."

"அதனாலதான் இது வருதா?" என்றார் கிரேஸ் ஆன்ட்டி.

"தெரியாது ஆன்ட்டி. அது குறைஞ்சதால இது வருதா, இது வந்ததால அது குறையுதா, இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம்."

அப்போது அம்மா வாயைத் திறந்தார். "அப்ப இது என் தப்பு இல்லையா எஸ்தர்?"

"இல்ல ஆன்ட்டி. அது நல்லாத் தெரியும்."

அம்மா உடனே குணமாகிவிடவில்லை. மறுபடியும் டாக்டரிடம் போனார். மெதுவாகத்தான் தேறினார்.

நேற்று மாலை அக்காவுக்காக நடந்த கூட்டத்தில் குறிப்பு கேட்டபோது அம்மா எழுந்து நின்றார். "எனக்கு டிப்ரஷன் இருக்கு. எஸ்தர் போனதுலேருந்து மறுபடியும் கஷ்டமா இருக்கு. நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போறேன். ஜெபம் பண்ணுங்க" என்றார். கிரேஸ் ஆன்ட்டிதான் ஜெபித்தார். டாக்டருக்காகவும் ஜெபித்தார். ஆவியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அத்தனை பேர் நடுவில் தலை குனியாமல் "தெரியாது" என்று சொன்ன அக்காவின் குரலைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கினோம். விளக்குகளை அணைத்தார்கள்.