மிச்சப் பாதி

மலைப்பாதையில் மண் சரிந்து, மடுல்சீமைக்குப் போகும் பஸ் பாதி வழியில் நின்றபோதுதான் அவரோடு பேசினேன். என் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். களைத்துப்போன முகம், மடியில் உறைபோட்ட கிட்டார். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இடது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. போனில் ராக், ப்ளூஸ் கிட்டார் மேதைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர்களின் கைகள் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"இதுல யாருங்க பெரிய ஆளு?" என்று கேட்டேன்.

"எல்லாருமே பெரிய ஆளுங்கதாங்க. நான் இடக்கைக்காரங்கள மட்டுந்தான் பாக்குறேன். அவங்க வலது கையாலதான் கம்பிய அழுத்துவாங்க. விரல் போனதுக்கப்புறம் கம்பிய மாத்திக் கட்டி, மூணு வருசமா முதல்ல இருந்து படிக்கிறேன்."

"வாசிக்க வருதா?"

"இன்னைக்கு ஒரு ஹோட்டல்ல வேல கேட்டு வாசிச்சுக் காட்டினேன். பாதியிலேயே போதும்னுட்டாங்க."

பின் இருக்கையில் சாய்ந்திருந்த பெண் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அண்ணே, மிச்சத்த இங்க வாசிங்களேன். எப்படியும் சும்மாதானே கெடக்கோம்."

அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். பிறகு கிட்டாரை எடுத்து, மெதுவான ப்ளூஸ் ஒன்றை வாசித்தார். இரண்டு இடத்தில் தடுமாறி, நின்று, மறுபடி தொடர்ந்தார்.

அவர் நன்றாக வாசித்தாரா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆட்கள் மண்ணை அள்ளி வழி விட்ட பிறகும், அவர் வாசித்து முடிக்கும்வரை டிரைவர் பஸ்ஸை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவுமில்லை.