குழந்தை வண்டியில் சம்பா

அரிசிப் பையைக் குழந்தை வண்டியில் உட்காரவைத்து, வார் பூட்டி, அதன் தலையில் ஒரு கம்பளித் தொப்பியையும் மாட்டிவிட்டு, பனி மூடிய நடைபாதையில் தள்ளத் தொடங்கினாள் சிவாஜினி. வண்டிச் சில்லு பனியில் புதைந்தது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினாள்.

கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பற்றிக்கால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன சிவாஜினியக்கா, பிள்ளை சம்பாவோ, பசுமதியோ?"

"சம்பா. உம்மட மகளின்ர நிறைதான். வந்து ஒருக்காத் தள்ளிப் பாருமன்."

பற்றிக் காரில் லவால் நகருக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டான். வாசலில் நின்ற அவன் மனைவி றோசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இதே நடைபாதையில்தான் அவள் தினமும் மகளைத் தள்ளிக்கொண்டு போய், கார்டெரி என்னும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு, பஸ் பிடித்து, டவுன்டவுன் சமையலறை ஒன்றுக்கு ஓடுகிறாள். பனி கொட்டினால் பஸ் தவறிவிடும். இன்னொரு நாள் பிந்தினால் வேலை இல்லை என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சிவாஜினிக்கு, மொன்றியல் தீவின் மேற்கே அவர்கள் குடியிருக்கும் சிறு ஊரின் நகரசபையில், வரவுசெலவுப் பிரிவில் வேலை. தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பாள். கோபத்தையும் ஆறவிட்டுத்தான் பேசுவாள். எந்தச் செலவுத் திட்டம் மேசைக்கு வந்தாலும் அவளுக்கு ஒரே கேள்வி: "சரி, இது முதல்ல ஆருக்குப் போய்ச் சேருது?"

பனி அள்ளும் செலவில் முதலிடம் பெரிய வீதிக்கு, கடைசி இடம் நடைபாதைக்கு. அந்த ஊரில் காரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். பிள்ளையோடும் பையோடும் பஸ்ஸுக்கு நடப்பவர்களில் பெண்கள் அதிகம். "நான் காசு கூட்டித் தரச் சொல்லேல்லை, றோசா. வரிசையை மாத்தச் சொல்லுறன். அவ்வளவுதான்," என்றாள் சிவாஜினி.

சபை கூடிய மாலை றோசாவும் போயிருந்தாள். சிவாஜினி பெரிய பேச்சொன்றும் பேசவில்லை. உறுப்பினர்களை வாசலுக்கு அழைத்து, அரிசி வண்டியைத் தெருமுனை வரை தள்ளச் சொன்னாள். கார்க்காரர் கோபிப்பார்கள் என்று மேசையைத் தட்டிய பருத்த உறுப்பினர் பாதி வழியிலேயே நின்றார். மூச்சு வாங்கியது. பிறகு, தன்னை அறியாமலே, சரிந்துபோன தொப்பியைப் பையின் மேல் நேராக்கிவிட்டார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்; இந்த மாரிப் பனிக்காலத்துக்கு மட்டும் நடைபாதைக்கு முதலிடம்.

அடுத்த பெரும்பனி விடிய விடியக் கொட்டியது. றோசா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். வீதி வெள்ளையாகக் கிடந்தது. பற்றிக் காருக்குள் இருந்து புறுபுறுத்தான். ஆனால் நடைபாதை! பஸ் தரிப்பு வரை ஈரச் சீமெந்து மினுங்கிக் கிடந்தது. வண்டி தடையில்லாமல் ஓடியது.

மகளை விட்டுவிட்டு வந்தபோது தரிப்பில் சிவாஜினி நின்றாள். "அக்கா, நான் என்னெண்டு இதுக்கு..."

"கதையைப் பேந்து கதைப்பம். பஸ் வருது, ஏறும்!"

ஏறிய றோசா கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணத்தில் சிவாஜினி கையுறையைக் கழற்றினாள். குனிந்து, அந்தக் குளிர்ந்த தரையைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.